விளக்கெண்ணெய் பிரேக்

லோனாவாலாவுக்கு மேலே, பணக்காரர்கள் காசு கொடுத்து உடம்பில் சேறு பூசிக்கொள்வதற்கென்று ஓர் இடம் இருக்கிறது. காடு மேடு பார்க்காமல் ஓடுகிற நாலு சக்கர பைக்குகள் அங்கே வரிசையாக நிற்கும். தலைக்கு ஹெல்மெட், முழங்காலுக்குக் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளத்தில் இறங்குவார்கள், மறுபக்கம் ஏறுவார்கள், இறங்கியதும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துப் பாராட்டிக்கொள்வார்கள். நாங்கள் அதே காரியத்தைச் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்தோம். எங்களை யாரும் கட்டிப்பிடிக்கவில்லை.

அந்த வண்டிகளைப் பார்த்துக்கொள்வது முருகேசன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய கடைசி வருடங்களில் என்னோடு வேலை பார்த்தவன். புது மெஷின் ஒன்று வந்திருக்கிறது, வந்து பாருங்கள் என்று போன மாதம் கூப்பிட்டான். பிரேக் ஆயில் மாற்றுகிற மெஷின். சக்கரத்தில் இருக்கும் நிப்பிளில் குழாயை மாட்டி ஒரு ஸ்விட்சைத் தட்டினான். பழைய ஆயில் டிகாக்ஷன் நிறத்தில் தானாக ஒரு டப்பாவுக்குள் இறங்கியது. மேலே ஊற்றிய புது ஆயில் தானாக உள்ளே போனது. முருகேசன் டீ குடித்துக்கொண்டு நின்றான்.

"அந்தக் காலத்துல இதுக்கு ரெண்டு ஆளு வேணும்னு சொல்லுவியளே அண்ணாச்சி. ஒருத்தன் நட்டத் திருப்புவான், சரி. இன்னொருத்தன் எதுக்கு? சீட்டுல சும்மா ஒக்காந்திருக்கவா?"

பையன்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன், டீ அவனுடையது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் இருக்கிறது. அதைச் சொல்ல ஒரு டீ போதாது என்பதால் எழுதுகிறேன்.

நான் வேலை கற்றது பெரிய கதை இல்லை. நாங்குநேரிப் பக்கத்திலிருந்து தாராவிக்கு வந்தேன். ஒரு லாரிப் பட்டறையில் சேர்ந்தேன். கிரீஸில் குளித்தேன், பானா என்கிற ஸ்பானரால் அடி வாங்கினேன். ஒருநாள் அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். அதாவது நான் மெக்கானிக் ஆகிவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் செம்பூரில் சாலை போடும் காண்ட்ராக்ட் கம்பெனி ஒன்றில் இடம் கிடைத்தது. அவர்களுக்கு டிராம்பே பக்கத்துக் குன்று ஒன்றில் கல் குவாரி இருந்தது. இன்று அணுசக்தி நகருக்கு ஸ்டாஃப் பஸ்கள் வழுக்கிக்கொண்டு போகிற அந்தப் பக்கம் அப்போது சாலை என்பது கம்பெனிக்காரர்களின் கற்பனையில்தான் இருந்தது. குவாரிக்கு ஏற நாலு சக்கரமும் இழுக்கும் பழைய மிலிட்டரி ஜீப் ஒன்றை வைத்திருந்தார்கள். யுத்தத்தில் பிழைத்த வண்டி. எங்கள் கம்பெனியில்தான் அதற்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது.

ஜீப்பின் டிரைவர் காதர் மைதீன். கடையநல்லூர்க்காரர், தாராவியில் குடியிருப்பு, என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். நாங்கள் பாய் என்போம். அதிகம் பேச மாட்டார். ஒரு கடைவாய்ப் பல் அவரை வருடக்கணக்காக வதைத்துக்கொண்டிருந்தது. அதைப் பிடுங்கப் பயந்து எந்நேரமும் கிராம்பு ஒன்றை அங்கே அடக்கி வைத்திருப்பார். இந்தக் கிராம்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அது சாட்சி சொல்ல வரும்.

எங்கள் எல்லோருக்கும் மேலே டிரான்ஸ்போர்ட் சூப்பரின்டென்டென்ட் வைத்தியநாதன், எங்களுக்கு வைத்தி சார். மாட்டுங்காவாசி. கணக்குப் பிரிவிலிருந்து பதவி உயர்வில் வந்தவர், ஆகவே மோட்டார் வண்டியைப் பற்றி அவருக்கு எந்தக் கெட்ட பழக்கமும் ஏற்பட்டிருக்கவில்லை. தினமும் வெள்ளை பேண்ட், வெள்ளைச் சட்டை. கிரீஸ் பட்டறைக்குள் காலையில் நுழைந்து மாலையில் அதே வெள்ளையோடு வெளியேறுவார். அவ்வளவு வேலை செய்வார். ஆனால் அவருக்கு ஒரு மூக்கு இருந்தது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கேனைத் திறக்கும் முன்பே சொல்லிவிடுவார். யார் மதியம் கருவாடு சாப்பிட்டான் என்று சாயந்திரம் சொல்வார். அந்த மூக்கை நம்பித்தான் கம்பெனி அவரை வைத்திருந்தது என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

இப்போது முருகேசனின் கேள்விக்கு வருவோம். பிரேக்கில் ஏர் எடுப்பது என்றால் இப்படி. பெடலை மிதித்தால் அதன் பலம் ஆயில் வழியாகச் சக்கரத்துக்குப் போக வேண்டும். குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டால் மிதிக்கிற மிதி காற்றை நசுக்குவதிலேயே தீர்ந்துவிடும், வண்டி நிற்காது. அந்தக் காற்றை வெளியேற்ற இரண்டு பேர் வேண்டும். ஒருவன் வண்டிக்கு அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் நிப்பிளில் ரப்பர் குழாயை மாட்டி, அதன் மறுமுனையை ஆயில் இருக்கும் பாட்டிலுக்குள் முக்கிவைப்பான். இன்னொருவன் பெடலில். கீழே இருப்பவன் "அமுத்து" என்பான். மேலே இருப்பவன் பலமுறை மிதித்துவிட்டுக் கடைசி மிதியை அப்படியே பிடித்துக்கொள்வான். கீழே நிப்பிளைக் கொஞ்சம் திருப்பினால் ஆயிலோடு குமிழி குமிழியாகக் காற்று வரும். நிப்பிளை மூடிய பிறகுதான் "விடு" என்று குரல் வரும். அதற்கு முன்னால் காலை எடுத்தால் வெளியே போன காற்று மறுபடி உள்ளே ஏறிவிடும், முழு வேலையும் வீண். தூரத்துப் பின்சக்கரத்தில் ஆரம்பித்து ஒவ்வொரு சக்கரமாக வர வேண்டும். நடுவில் மேலே டப்பாவில் ஆயில் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நானும் பாயும் எத்தனையோ முறை இதைச் சேர்ந்து செய்திருக்கிறோம். அவர் கால் என் குரலுக்கு முன்னே போகாது, பின்னேயும் தங்காது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் செய்கிற வேலை அது. எங்களுக்குள் சண்டை இருந்த நாட்களிலும் அந்த ஒரு மணி நேரம் சண்டை இருக்காது.

அது மதுவிலக்குக் கடுமையாக இருந்த காலம். பம்பாயில் யாரும் குடிக்கவில்லை என்பது சர்க்கார் கணக்கு. மாலையில் பாதிப்பேர் ஏன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள் என்பதற்குக் கணக்கு இல்லை. அந்த நாளைய பிரேக் ஆயில் என்பது விளக்கெண்ணெயும் ஒருவித ஸ்பிரிட்டும் கலந்த சரக்கு. மூடியைத் திறந்தால் குப்பென்று அடிக்கும். குடித்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. குடித்தவன் யாரையும் நான் பார்க்கவில்லை. வைத்தி சார் மட்டும் பார்த்துவிட்டார், அதுவும் கண்ணால் இல்லை.

நடந்தது இவ்வளவுதான். ஜீப்பில் பிரேக் ஆயில் குறைய ஆரம்பித்தது. டிரைவரின் காலடியில் ஒரு தகட்டைத் தூக்கினால் ஆயில் டப்பா தெரியும். பாய் பார்ப்பார், குறைந்திருக்கும், வந்து கேட்பார். கொஞ்ச நாளில் மறுபடி கேட்பார். ஆயில் அப்போது சுலபமாகக் கிடைக்காத பொருள். வைத்தி சார் அதைத் தன் இரும்பு அலமாரியில், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டியிருந்தார்.

"எங்கடா போறது இத்தனை எண்ணெய்?" என்றார் என்னிடம்.

நான் தரையைப் பார்த்தேன். வண்டிக்கடியில் ஒரு சொட்டு இல்லை. குழாய்களைத் தடவினேன், ஈரம் இல்லை. "ட்ரம்மைக் கழற்றிப் பாக்கணும் சார். உள்ள ஒழுகலாம்" என்றேன்.

"வண்டி அரை நாள் நிக்கும். குவாரிக்கு நீ சுமந்துண்டு போவியா?"

பாய் இன்னொன்றும் சொன்னார். "சார், பிரேக் போட்டா வண்டி வலது பக்கமா இழுக்குது."

வைத்தி சார் அவரை மேலும் கீழும் பார்த்தார். மூக்கு அசைந்தது. ஆயிலை ஊற்றும்போது சிந்தியது பாயின் சட்டைக் கையில் மணந்துகொண்டிருந்தது. கிட்டப்போய் வாயை முகர்ந்தார். கிராம்பு.

"வாயில கிராம்பு எதுக்கு?"

"பல்லு வலி சார்."

"வாசனையை மறைக்க எல்லாரும் சொல்றது இதான். குடிச்சா வண்டி ஒரு பக்கமா இழுக்காம என்ன பண்ணும்?"

இவ்வளவு சுத்தமான தர்க்கத்தை நான் அதற்குப் பின் கேட்டதில்லை. வண்டி இழுத்தது, சட்டை மணந்தது, கிராம்பு இருந்தது, எண்ணெய் இல்லை. கணக்கு நேராக வந்துவிட்டது. மறுநாளிலிருந்து காலையில் எங்களை வரிசையில் நிறுத்தி ஒவ்வொருவராக ஊதச் சொல்ல ஆரம்பித்தார். நாங்கள் ஊதுவோம், அவர் கைக்குட்டையை உதறிவிட்டு அடுத்தவரிடம் போவார். பாயை ஜீப்பிலிருந்து எடுத்து வண்டி கழுவும் இடத்துக்குப் போட்டார். ஜீப்பை ஷிண்டே என்ற மராட்டிக்கார டிரைவரிடம் கொடுத்தார்.

அடுத்து வந்ததுதான் அவருடைய கண்டுபிடிப்பு. ஒரு திங்கட்கிழமை மாட்டுங்கா மார்க்கெட்டிலிருந்து ஒரு டின்னோடு வந்தார். உள்ளே சுத்தமான விளக்கெண்ணெய், குழந்தைகளுக்குப் பேதிக்குக் கொடுக்கிறது.

"பிரேக் ஆயில்ல என்ன இருக்கு? விளக்கெண்ணெய், ஸ்பிரிட். பிரேக் பிடிக்கறது எது? எண்ணெய். குடிக்கறது எது? ஸ்பிரிட். ஸ்பிரிட்டை எடுத்துடு. பிரேக் பிடிக்கும், எவனும் குடிக்க மாட்டான்."

எனக்கும் அது அவ்வளவு தப்பாகப் படவில்லை. எண்ணெய் எண்ணெய்தானே என்று தோன்றியது. பழைய ஆயிலை எல்லாம் வடித்து எடுத்தேன். விளக்கெண்ணெயை ஊற்றினேன். ஏர் எடுக்கப் பெடலில் ஒரு ஆள் வேண்டும். பாயை வைத்தி சார் வண்டிப் பக்கமே விடவில்லை. ஷிண்டேயையும் நம்பவில்லை. ஷூவைக் கழற்றிவிட்டு, சீட்டில் கைக்குட்டை விரித்து, தானே ஏறி உட்கார்ந்துவிட்டார்.

கீழேயிருந்து நான் "அமுத்துங்க சார்" என்றேன்.

"என்னது, எனக்கே ஆர்டர் போடறே?"

"இல்ல சார், வேலை அப்படி. நான் சொல்லச் சொல்ல நீங்க மிதிக்கணும்."

"நீ எதுவும் சொல்ல வேண்டாம். நானே சொல்லிண்டு மிதிக்கறேன். நீ அதுக்குத் தகுந்த மாதிரி திருப்பு."

அப்படியே நடந்தது. அவர் தன் விருப்பப்படி மிதித்தார், தன் விருப்பப்படி விட்டார். நான் நிப்பிளைத் திறக்கும்போது அவர் கால் தரையில் இருந்தது, மூடும்போது பெடலில் இருந்தது. விளக்கெண்ணெய் குழாயில் பாகு மாதிரி நகர்ந்தது. அதில் சிக்கிய குமிழிகள் வெளியே வர மனமில்லாமல் அங்கேயே குடியிருந்தன. நேரம் ஆக ஆக எண்ணெயின் கனத்திலேயே பெடல் இறுகிவிட்டது.

"பாத்தியா, பெடல் எப்படி நிக்கறது! கல்லாட்டம்!" என்றார். இறங்கி வெள்ளை பேண்ட்டைத் தட்டிவிட்டுக்கொண்டார். தட்டிவிட அதில் ஒன்றும் இல்லை.

வண்டி ஓடியது. நாட்கள் போயின. எண்ணெய் துளிகூடக் குறையவில்லை. இதுதான் பாய்க்கு வந்த பெரிய ஆபத்து. வைத்தி சார் எங்கள் எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பேசினார். கேட்டுக்கு வெளியே டீக்கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற குரல்.

"குடிக்க முடியாத எண்ணெய் அப்படியே இருக்கு. குடிக்க முடிஞ்ச எண்ணெய் எங்கே போச்சு? எல்லாருக்கும் புரியறதோன்னோ? காதர், மாசக் கடைசியில உன் கணக்கை முடிச்சு அனுப்பிடறேன். போலீஸ்ல கொடுக்காம விடறேனே, அதுக்கு சந்தோஷப்படு."

பாய் கையில் இருந்த தண்ணீர்க் குழாயை மூடக்கூட மறந்து நின்றார். தண்ணீர் அவர் காலில் கொட்டிக்கொண்டிருந்தது.

அன்று அவரோடு நானும் நடந்தே போனேன். சுனாபட்டி தாண்டினோம். பிறகுதான் விஷயம் வந்தது. அவர் மகளுக்கு மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் மீரான் தாராவியில் தோல் பை செய்யும் பட்டறை வைத்திருந்தவர், தொழுகை தவறாதவர். டீக்கடைச் செய்தி அன்று மாலைக்குள் அவரிடம் போய்விடும்.

"வேலை போனா வேற லாரி கெடைக்கும் முத்தையா" என்றார் பாய். "எம்புள்ளைய குடிகாரன் மவன்னு சொல்லிட்டானுவன்னா, அதுக்கு நான் எங்க போயி லைசென்ஸ் எடுப்பேன்? நான் அத வாயில வச்சதில்ல. அல்லாவுக்குத் தெரியும். அல்லாவக் கூட்டிட்டு வந்து இவருகிட்ட ஊதச் சொல்லவா?"

எனக்கு அழுகை வந்தது. கோபம்தான் அப்படி வந்தது என்று நினைக்கிறேன். மீரான் அதற்குள் ஒருமுறை கம்பெனிக் கேட்டுக்கே வந்து விசாரித்துவிட்டும் போனார். "மாசக் கடைசியில தெரியும்" என்று வைத்தி சார் அவருக்குப் பதில் சொன்னார். அந்தப் பதிலோடு மீரான் கல்யாணப் பேச்சையும் மாசக் கடைசிக்குத் தள்ளி வைத்துவிட்டார்.

கம்பெனி முதலாளியான சேட், குவாரியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்தார். அதற்கு முந்தின நாள் வைத்தி சார் ஒரு சோதனை ஓட்டம் வைத்தார். தன் கண்டுபிடிப்பைச் சேட்டிடம் காட்டிப் பாராட்டு வாங்க எண்ணம். ஷிண்டே ஓட்டினார், சார் பக்கத்தில், நான் பின்னால் பானாக்களோடு.

மழை விட்டுக் குளிர்ந்திருந்த காலை. முதல் வளைவில் எதிரே எருமைகள் வந்தன, ஷிண்டே பிரேக்கை அழுத்தினார். பிடித்தது. எருமைகள் போய்விட்டன. பிரேக் போகவில்லை. பெடலிலிருந்து காலை எடுத்தும் சக்கரங்கள் விடவில்லை. கெட்டியான எண்ணெய் திரும்பி வர வேண்டாமா? அது தன் சௌகரியப்படி வந்துகொண்டிருந்தது. வண்டி முனகிக்கொண்டே ஏறியது. இரண்டாவது வளைவு, மூன்றாவது வளைவு, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

"பிரேக் பஹுத் அச்சா ஹை சாப்" என்றார் ஷிண்டே. "காடி சல்னே ஹி நஹி தேதா."

பிரேக் ரொம்ப நன்றாக இருக்கிறது, வண்டியை ஓடவே விடவில்லை என்றார். சார் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அதற்குள் இடது பின்சக்கரத்திலிருந்து புகை வந்தது. அடுத்த மேட்டில் ஜீப் தானாக நின்றுவிட்டது. உலகத்திலேயே பத்திரமான பிரேக் அதுதான், ஒரு அடி நகராது.

சூடு ஆறக் காத்திருந்து சக்கரத்தைக் கழற்றினேன், நிப்பிளைத் திறந்து இறுக்கத்தைத் தளர்த்தி ட்ரம்மைத் தட்டி எடுத்தேன். உள்ளே தூசியும் ஆயிலும் சேர்ந்து கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது. சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் லைனிங் பட்டை முழுக்க ஊறிப்போயிருந்தது. வீல் சிலிண்டருக்குள் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, ஆயில் வெளியே தெரியாமல் ட்ரம்முக்குள்ளேயே கசிந்திருக்கிறது. சக்கரத்தோடு சுற்றிச் சுற்றி லைனிங் அதை உறிஞ்சி, இடது பக்கம் பிடிக்காமல் வழுக்கியிருக்கிறது. தரைக்கு ஒரு சொட்டும் வராததற்கும், வண்டி ஒரு பக்கம் இழுத்ததற்கும் காரணம் அதுதான். கெட்டியான விளக்கெண்ணெய் அந்தத் தேய்ந்த வாஷரைத் தாண்டிக் கசியவில்லை. அதனால்தான் குறையவில்லை.

நான் இதையெல்லாம் அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை. வைத்தி சார் தானாகவே வந்து குனிந்தார். வெள்ளை பேண்ட்டின் முழங்கால் மண்ணில் பட்டது. மிச்சச் சூட்டில் அந்தச் சேறு ஆவி விட்டுக்கொண்டிருந்தது. மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார், கண்ணை மூடினார், மறுபடி முகர்ந்தார்.

"ஸ்பிரிட்" என்றார்.

சக்கரத்தை மறுபடி மாட்டித் திரும்பி வரும்போது அவர் முன்சீட்டில் ஏறவில்லை, பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஷிண்டே பிரேக்கைத் தொடாமல் கியரிலேயே உருட்டிக்கொண்டு வந்தார்.

"என் அண்ணாவுக்குக் கண் போனது கள்ளச்சாராயத்துல" என்றார் திடீரென்று. "கைபிடிச்சு நான்தான் ஸ்டேஷன் வரைக்கும் கூட்டிண்டு போவேன். அந்த வாடை வந்தா எனக்கு வேற எதுவும் தெரியறதில்லை."

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. பாய்மேல் பட்ட பாவத்தைக் கழித்தாலும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

அன்று மாலை தாராவியில் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். கிராம்பை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் ஒதுக்கினார். "நாளைக்கு ஏர் எடுக்கணும்லா?" என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலை சேட் வருகிற நாள். பாய் வேலைக்கு வரும்போது மீரானையும் கூட்டிக்கொண்டு வந்தார். மீரான் கேட்டுக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து டீ வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்தும் வைத்தி சார் பார்க்காத மாதிரி அலமாரியைத் திறந்தார். குழாய்களை உட்புறம் கழுவ ஸ்பிரிட் பாட்டில், புது பிரேக் ஆயில் டின், இரண்டையும் என் கையில் கொடுத்தார். என்னை ஊதச் சொல்லவில்லை. விளக்கெண்ணெயை முழுக்கக் கழுவி வெளியேற்றினேன். புது வாஷர், புது லைனிங் போட்டேன். புது ஆயிலை ஊற்றினேன். இனி ஏர் எடுக்க வேண்டியதுதான் பாக்கி.

"ஷிண்டே, ஏறு" என்றார் சார்.

"பாவ் மே மோச் ஆயா ஹை, சாப்" என்றார் ஷிண்டே. காலில் சுளுக்காம். அவர் அப்போது ஒரு லாரி டயரைக் காலால் உதைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

சார் சுற்றிப் பார்த்தார். பட்டறையில் இருந்த எல்லோருக்கும் அன்று காலையில் ஏதோ ஒரு கால் வலி. ஒருவன் முழங்காலைத் தடவினான், ஒருவன் நொண்டிக் காட்டினான், அதுவும் அவசரத்தில் கால் மாற்றி மாற்றி நொண்டினான்.

"நீங்களே மிதிக்கிறீங்களா சார்?" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், அதற்கு இனிமேல் தயாராக இல்லை என்று தெரிந்தது.

"காதர்" என்றார். "வா."

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார், சீட்டில் ஏறினார். நான் அடியில் படுத்தேன், தூரத்துப் பின்சக்கரத்தில் குழாயை மாட்டினேன், பாட்டிலைச் சரி பார்த்தேன்.

"அமுத்துங்க பாய்."

ஒன்றும் நடக்கவில்லை.

"பாய், அமுத்துங்க."

தலையைத் திருப்பிப் பார்த்தேன். பாயின் இரண்டு கால்களும் வண்டிக்கு வெளியே பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன. ஈரம் காயாத வெறுங்கால்கள். பெடல் ஒரு திசையில், அவை ஒரு திசையில்.

"என்ன காதர்? அமுத்தேன்!" என்றார் வைத்தி சார்.

"அமுத்துறேன் சார். ஒரு பேச்சு பாக்கி இருக்கு."

"என்ன பேச்சு? சேட் வர நேரம்."

"ஆமா சார், வருவாரு. அன்னைக்கு எல்லாரையும் நிறுத்தி வச்சு ஒண்ணு சொன்னிய. அதே மாதிரி நிறுத்தி வச்சு இன்னொண்ணு சொல்லிட்டியன்னா, நான் அமுத்துவேன்."

"முத்தையா! நீ வெளில வந்து பெடல்ல ஏறு."

"ஏறுறேன் சார்" என்றேன் அடியிலிருந்து. "நிப்பிளத் திருப்ப நீங்க கீழ வாறியளா?"

அவருடைய ஷூக்கள் நான் படுத்திருந்த இடத்துக்கு அருகில் வந்து நின்றன. தரையில் எண்ணெயும் சேறும். ஷூக்கள் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பின்வாங்கின. பாயின் கால்கள் மட்டும் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தன, வேறு அவசரம் ஒன்றும் இல்லாதவர் மாதிரி. சார் அந்த நிமிஷமே "வெளியே போ" என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பாய்க்கு எல்லாம் போயிற்று, வேலை, பெண்ணின் கல்யாணம், பெயர் எல்லாம். எல்லாவற்றையும் பெடலிலிருந்து எடுத்த அந்தக் காலில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

சார் கூப்பிடாமலே எல்லோரும் வந்து நின்றார்கள், கால் வலிக்காரர்கள் உட்பட. மீரானும் எழுந்து கேட்டுக்கு உள்ளே வந்தார். நான் ஷூக்களையும் கால்களையும் மட்டும் பார்த்துக்கொண்டு கேட்டேன்.

"காதர் மைதீன் குடிக்கலை" என்றார் வைத்தி சார். குரல் மெலிந்திருந்தது. "எண்ணெய் சக்கரத்துக்குள்ள ஒழுகியிருக்கு. நானே மோந்து பாத்தேன். நான் சொன்னது தப்பு."

"அவங்களுக்குக் கேட்டிருக்காது சார். லாரி சத்தம்" என்றார் பாய்.

லாரி எதுவும் ஓடவில்லை. சார் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அன்று குற்றம் சாட்டிய அதே குரலில், டீக்கடைக்கும் கேட்கும்படி முழுவதையும் மறுபடி சொன்னார். இந்த முறை கடைசியில் "மன்னிச்சுக்கோங்கோ" என்று ஒரு வார்த்தையும் சேர்ந்து வந்தது. அது யாரும் கேட்காதது. அதற்கு முன் அவர் பாயை மரியாதையாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

தொங்கிக்கொண்டிருந்த கால்கள் உள்ளே போயின.

"சொல்லு முத்தையா" என்று மேலேயிருந்து குரல் வந்தது. குழாயை இன்னொருமுறை சரி பார்த்தேன். பிறகு சொன்னேன். அமுத்தினார், பிடித்தார். காற்று குமிழி குமிழியாகப் பாட்டிலுக்குள் போனது.

கல்யாணம் அந்த மாதமே பேசி முடித்தார்கள். வரிசையில் நிறுத்தி ஊதச் சொல்கிற வழக்கம் மறுநாளிலிருந்து நின்றுபோனது. அதற்கு உத்தரவு ஒன்றும் வரவில்லை. சாருக்கு ஜலதோஷம் என்று சொல்லிக்கொண்டார், அது அவர் ஓய்வு பெறும் வரை தீரவில்லை. மிச்ச விளக்கெண்ணெய் என்ன ஆனது என்று நான் விசாரிக்கவில்லை.

முருகேசா, உன் மெஷின் நல்ல மெஷின். அதற்குப் பல் வலிக்காது, கிராம்பு வேண்டாம். மாப்பிள்ளை தேட அதற்கு மகள் இல்லை. ஸ்விட்சைத் தட்டினால் உறிஞ்சும், யார் தட்டினாலும் உறிஞ்சும், மாட்டேன் என்று காலைத் தொங்கப்போடாது. வைத்தி சார் இருந்திருந்தால் அதை அலமாரியில் பிள்ளையாருக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். இன்னொரு ஆள் எதற்கு, சீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கவா என்று கேட்டாயே. ஆமாம், சும்மா உட்கார்ந்திருக்கத்தான்.